பல்லிக் கதையின் மீதி

சிறுமலையில், பஸ் கடைசியாக நின்று மூச்சு வாங்கித் திரும்புகிற இடத்திலிருந்து வாழைத்தோப்புக்குள் கொஞ்ச தூரம் நடந்தால் பெரியநாயகி அம்மையின் குடில். பெயர்ப் பலகை கிடையாது. உண்டியல் கிடையாது. வழி சொல்ல ஒரு நாய் மட்டும் உண்டு. அதுவும் குரைக்காது, முன்னால் நடக்கும்.

அம்மைக்கு முப்பத்தைந்து வயதுதான் இருக்கும். தலை நரைத்தவர்களும் வந்து அவர் எதிரில் பாயில் உட்கார்ந்து கேள்வி கேட்பார்கள்.

அங்கே ஒரு வழக்கம். காலைக் கஞ்சி ஆனதும், கேட்க வந்தவர் தன் கேள்வியை ஒரே ஒரு முறை சொல்லலாம். எவ்வளவு நீளமாக வேண்டுமானாலும் சொல்லலாம். அம்மை குறுக்கே பேசமாட்டார், தலையாட்டமாட்டார், ம் கொட்டமாட்டார். சொல்லி முடித்ததும், கேட்டதை ஒரு சொல் சிந்தாமல் அப்படியே திருப்பிச் சொல்வார். நடுவில் இருமியிருந்தால், எந்தச் சொல்லுக்குப் பிறகு இருமினார் என்பதுகூட அதில் இருக்கும். கடைசியில், "இதுதானா?" என்று கேட்பார்.

அவ்வளவுதான். வந்தவர்களில் பாதிப் பேர் அந்த இடத்திலேயே எழுந்து போய்விடுவார்கள்.

பரந்தாமன் அங்கே வந்த கதை வேறு.

பல்குரல் பரந்தாமன் என்றால் திண்டுக்கல் வட்டாரத்தில் தெரியாதவர்கள் குறைவு. கோயில் திருவிழா, காதுகுத்து, பாத்திரக்கடைத் திறப்பு, எதுவானாலும் மைக் அவன் கையில்தான். நாற்பதைத் தாண்டிய ஆள். ஒரு தொண்டைக்குள் ஓர் ஊரையே குடிவைத்திருந்தான். மந்திரி பேசிக்கொண்டே இருப்பார், பக்கத்தில் ஒரு கழுதை கனைக்கும், பிரேக் பிடிக்காத லாரி ஒன்று வரும், லாரிக்காரனை ஒரு மீன்காரம்மா ஏழு தலைமுறைக்கும் சேர்த்துத் திட்டுவார், கழுதை அதற்கும் கனைக்கும். கூட்டம் வயிற்றைப் பிடித்துக்கொள்ளும். எல்லாம் ஒரே வாய்.

அந்த வாயைத்தான் அவன் மனைவி வளர்மதி சிறுமலை பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு வந்து இறக்கினாள். கூடவே மகள் நறுமுகை. அன்றைக்கு அரிசி மூட்டை வாங்க அம்மையே பஸ் நிற்கும் இடத்துக்கு வந்திருந்தார். பஸ்ஸிலிருந்து இறக்கிய மூட்டைமேல் நறுமுகை ஏறி உட்கார்ந்துகொண்டாள். அம்மை பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார். குழந்தை என்னவோ பேச ஆரம்பித்தாள்.

பரந்தாமன் அதைப் பார்க்கவில்லை. சிக்னல் இருக்கிறதா என்று போனைத் தலைக்குமேல் தூக்கிப் பிடித்து, சாமி வந்தவன் மாதிரி ஒரு சுற்றுச் சுற்றிக்கொண்டிருந்தான்.

"இங்க பாருங்க," என்றாள் வளர்மதி. "நீங்க போனை வெச்சுக்கிட்டு வாங்க, வெக்காம வாங்க, அது எனக்குப் பேச்சே இல்ல. புள்ள மறுபடியும் வாயத் தொறந்து உங்ககிட்ட ஒரு கதை சொல்லணும். அது நடக்கும்னு உங்களுக்குத் தோணுற அன்னைக்கு வீட்டுக்கு வாங்க."

"ம்," என்றான் பரந்தாமன்.

அவள் அவனையே பார்த்தாள். பஸ் ஹாரன் அடித்தது. குழந்தை பாதிப் பேச்சில் மூட்டையிலிருந்து குதித்து ஓடினாள்.

குடிலில் யாரும் போனைப் பிடுங்கவில்லை. அது அவனுக்கு ஏமாற்றமாகக்கூட இருந்தது. பிடுங்கினால் எங்கே ஒளித்துவைப்பது என்று வந்து சேர்ந்ததிலிருந்தே யோசித்துக்கொண்டிருந்தான். அரிசிப் பானை, கூரை ஓலை, நாய் படுக்கும் சாக்கு என்று மூன்று இடம்வரை தேறியிருந்தது.

சிக்னல் மட்டும் யானைப்பாறை என்கிற மேட்டில்தான் கிடைத்தது. ஆகவே தினமும் விறகு பொறுக்கப் போனான்.

"அண்ணே," என்பார் கோதண்டம். அம்மையின் சீடர், சமையலும் அவர்தான். முன்பு லாரி ஓட்டியவர். "நீங்க விறகு பொறுக்கப் போயி, காட்டுல விறகு குறைஞ்சதாவே தெரியலையே. ஒரு சுள்ளியாச்சும் பேருக்குக் கொண்டாங்கண்ணே. அடுப்பு வருத்தப்படுது."

கோதண்டத்தைப் பழிவாங்க பரந்தாமனுக்கு ஒரு பகல் போதுமாக இருந்தது. சமையல்கட்டுக்குப் பின்னால் வாழைமரத்தை ஒட்டி நின்று, அம்மையின் குரலில், மெதுவாக, ஒவ்வொரு சொல்லுக்கும் இடம் விட்டு, "கோதண்டம், இன்னைக்கு வடை போடுங்க," என்றான்.

கோதண்டம் ஆடிப்போய் உளுந்து ஊறப்போட்டார். குடில் தொடங்கிய நாளிலிருந்து அங்கே எண்ணெய்ச்சட்டி ஏறியதில்லை.

சாயங்காலம் இலையில் வடை வந்தது. அம்மை பார்த்தார். ஒன்றை எடுத்துப் பிட்டார். மென்றார். பரந்தாமன் சிரிப்பை அடக்கிக்கொண்டு தூணைப் பார்த்தான்.

"என் குரல் நல்லா வந்திருக்கு," என்றார் அம்மை, அவன் பக்கம் திரும்பாமலே. "ஆனா நான் சொல்லியிருந்தா, உங்க முழங்கை எப்படி இருக்குன்னு முதல்ல கேட்டிருப்பேன். கோதண்டம் காலையிலதான் வழுக்கி விழுந்தார்."

கோதண்டத்தின் முழங்கையில் மஞ்சள் பற்று இருந்தது. பரந்தாமன் அப்போதுதான் அதைப் பார்த்தான். காலையிலிருந்து அவர் குரலை மூன்று முறை பிடித்துக் காட்டியிருந்தான். அந்தக் குரலில் வலி இருந்தது. அதையும் சேர்த்தே பிடித்திருந்தான், வலி என்று தெரியாமல்.

வடை மட்டும் நன்றாக இருந்தது. அம்மை இன்னொன்று கேட்டு வாங்கிக்கொண்டார்.

மறுநாள் காலையில் டயர் கடைக்காரர் ஒருவர் பாயில் உட்கார்ந்தார். தம்பி தன்னை மதிப்பதில்லை என்று நெடுநேரம் சொன்னார். வளர்த்தது, படிக்கவைத்தது, கல்யாணம் செய்துவைத்தது, கடைசியில் தம்பி தன் வீட்டுப் படியே மிதிப்பதில்லை என்பதுவரை. நடுவில் ஓர் இடத்தில் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

அம்மை திருப்பிச் சொன்னார்.

பரந்தாமனுக்கு இது தன் தொழில். காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்தான். எங்கே சுருதி தப்புகிறது என்று பிடித்துவிடலாம் என்று இருந்தான். அம்மை அந்த மனிதரின் குரலைத் தொடவே இல்லை. அவருடைய கரகரப்பு இல்லை, இழுப்பு இல்லை. தன் சாதாரணக் குரலிலேயே சொல்லிக்கொண்டு போனார். ஆனால் டயர் கடைக்காரர் அங்கே இரண்டு பேராக உட்கார்ந்திருந்தார். பரந்தாமனுக்குக் கையில் மயிர் சிலிர்த்துக்கொண்டது. இத்தனை வருஷ மேடையில் அவன் ஆளை விட்டுவிட்டுக் குரலைத் தூக்கிக்கொண்டு வந்தவன். இந்தப் பெண் குரலை அங்கேயே விட்டுவிட்டு ஆளைக் கொண்டுவந்து நிறுத்திவிட்டார்.

"'அவன் கடைசியா வந்தப்ப,'" என்று அம்மை சொல்லிக்கொண்டிருந்தார், "'நான் சாப்பிடச் சொல்லலை.' இந்த இடத்துல செருமினீங்க. 'வேலை இருந்துச்சு. அதுக்கப்புறம் அவன் வரவே இல்லை.' இதுதானா?"

டயர் கடைக்காரர் கும்பிட்டார். எழுந்து, செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டு, பஸ் நிற்கும் திசையில் வேகமாக நடந்தார். நாய் அவருக்கு முன்னால் ஓடவேண்டியிருந்தது.

அதற்கு மறுநாள் பாயில் பரந்தாமன் உட்கார்ந்தான்.

"அம்மை, எனக்கு இந்தப் போனை விடணும்," என்று ஆரம்பித்தான். "காலையில கண்ணு முழிக்கிறதுக்கு முன்னாடி கை முழிச்சிருது. கழுத்து இரும்பாட்டம் கெடக்கு. கட்டைவிரல் வலிக்குது. தூங்கறப்பகூட அது மட்டும் தள்ளிக்கிட்டே இருக்குதாம், வீட்டுல சொல்றாங்க. கண்ணு எரியுது. என்ன சாப்பிட்டேன்னு கேட்டா இலையைப் பார்த்துத்தான் சொல்லணும். டாக்டர் எல்லா டெஸ்ட்டும் எடுத்துட்டு, ரத்தம் நல்லா இருக்கு, நீங்கதான் சரியில்லன்னு சிரிக்கிறார்."

டாக்டரின் சிரிப்பை அவனை அறியாமல் செய்துகாட்டினான். கோதண்டம் களுக்கென்றார். அம்மை சிரிக்கவில்லை, அசையவில்லை.

"முன்னெல்லாம் ஒண்ணை நெனச்சா அது கடைசிவரைக்கும் போகும். இப்ப பாதியிலேயே, மண்டைக்குள்ள ஒரு விரல் வந்து மேல தள்ளிவிட்டுருது. அடுத்தது வருது. அதுவும் பாதி. என் பொண்ணு தெனமும் சாப்பிட்டதும் ஒரு கதை சொல்லுவா. நான் போனைப் பார்த்துக்கிட்டே ம் போடுவேன். ம் போடறதுல நமக்கு என்ன குறைச்சல். ஆச்சரிய ம், பயந்த ம், அப்படியா ம், எல்லாம் வெச்சிருக்கேன். சரியா எடத்துல போடுவேன், அவளுக்குத் தெரியாது. ஒருநாள் கதைக்கு நடுவுல அவ, 'அப்புறம் நான் அந்த யானையைப் பொரிச்சுச் சாப்பிட்டுட்டேன்பா' அப்படின்னா. நான், 'ம், சூப்பர்டா' அப்படின்னேன். அவ எழுந்து போயிட்டா. அழலை, சண்டை போடலை. அதோட சரி. கதையே சொல்றதில்ல. கேட்டா, கதை தீந்துபோச்சுங்கறா. போனை விடுறது எப்படி அம்மை?"

அம்மை திருப்பிச் சொன்னார். கழுத்து, கட்டைவிரல், ரத்தம், விரல், யானை. டாக்டரின் சிரிப்பு வந்த இடத்தில், "இங்க டாக்டர் மாதிரி சிரிச்சீங்க," என்றார். 'அவளுக்குத் தெரியாது' என்ற சொற்கள் அவர் வாயில் வந்தபோது பரந்தாமன் பாயின் நூலைப் பிய்க்கத் தொடங்கியிருந்தான்.

"'போனை விடுறது எப்படி அம்மை?' இதுதானா?"

"இதுதான்," என்றான் பரந்தாமன். அவனுக்கு எழுந்து போகத் தோன்றவில்லை. அவன் கேள்வி சரியாகவே இருப்பதாகப் பட்டது.

"போனை எடுத்துக்கிட்டு யானைப்பாறைக்குப் போங்க," என்றார் அம்மை.

"எடுத்துக்கிட்டா?"

"எப்பவும் போலப் பாருங்க. ஒண்ணே ஒண்ணு. எது கண்ணுல படுதோ, அதை அதனோட குரல்லயே வாய்விட்டுச் சொல்லணும். ஒண்ணைச் சொல்லி முடிச்சாத்தான் அடுத்தது. கோதண்டம் கூட இருப்பார்."

"எவ்வளவு நேரம் அம்மை?"

"வழக்கமா எவ்வளவு நேரம் பார்ப்பீங்களோ, அவ்வளவு நேரம்."

பரந்தாமனுக்கு உள்ளே பட்டாசு வெடித்தது. தண்டனை என்று நினைத்துப் போனவனுக்கு மேடை போட்டுக் கொடுத்துவிட்டார்கள். கோதண்டம் வறுத்த பலாக்கொட்டை ஒரு துண்டு நிறைய முடிந்துகொண்டார்.

பாறைமேல் வெயில் இளசாக இருந்தது. கீழே பள்ளத்தாக்கு முழுக்க மூடுபனி, பால் பொங்கி அப்படியே நின்றுவிட்ட மாதிரி. பரந்தாமன் அதற்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தான். போனின் மேல் வெயில் படக்கூடாதல்லவா.

விரல் தள்ளியது. பரந்தாமன் ஜோசியரானான்.

"கும்ப ராசி நேயர்களே, இந்த வாரம் வாயை மட்டும் கொஞ்சம் பார்த்துக்கொண்டீர்களானால் மற்றதை குரு பார்த்துக்கொள்வார்."

கோதண்டம் கும்ப ராசி. பலாக்கொட்டையை மென்றுகொண்டே தலையாட்டினார்.

அடுத்து ஒரு சமையல்கார அக்கா. "ஹாய் செல்லங்களா, கத்திரிக்காயைக் காம்போட இப்படி நாலாக் கீறிக்கோங்க, வெட்டிராதீங்க, வெட்டினா அக்காவுக்குக் கோவம் வரும்." அடுத்து முழங்கால் எண்ணெய் தேய்த்துக்கொண்ட ஒருவர், கோயில் படியில் ஏறியபடி, மூச்சு வாங்காமல் நன்றி சொன்னார். அடுத்து இரண்டு பேர் பைக்கை மோதிக்கொண்டு சண்டை. இரண்டு பேரும், பைக்கும், வேடிக்கை பார்த்த ஒருவர் போன் பேசுவதும், எல்லாம் பரந்தாமன். கோதண்டம் பாறையில் புரண்டார். "அண்ணே, போதும்ணே, வயிறு புடிச்சுக்கிச்சு," என்று கும்பிட்டார்.

அடுத்து ஒரு பெண் குரல்.

"அஞ்சு வயசுப் பையன். நீலச் சட்டை போட்டிருந்தான். திருவிழாக் கூட்டத்துல கையை விட்டுட்டேன். யாராச்சும் பார்த்தீங்கன்னா..."

பரந்தாமன் அதை அச்சுப் பிசகாமல் பிடித்தான். அந்தக் கடைசிச் சொல் உடைந்து உள்ளே விழுந்ததையும் பிடித்தான். கோதண்டம் மெல்லுவதை நிறுத்திவிட்டார்.

விரல் தள்ளியது. "ஆடித் தள்ளுபடி, ஒரு சேலை எடுத்தா ஒரு சேலை சும்மா, சும்மா, சும்மா."

"அண்ணே," என்றார் கோதண்டம்.

"ம்?"

"அந்தப் பையன் கெடச்சானா?"

"எந்தப் பையன்?"

"நீலச் சட்டை."

"தெரியலையே. அது போயிருச்சு."

"எங்க போச்சு?"

"மேல போயிருச்சு கோதண்டம். அது அப்படித்தான்."

"திரும்பக் கூப்பிடுங்கண்ணே."

பரந்தாமன் பின்னால் தள்ளிப் பார்த்தான். சேலை வந்தது. பூனை ஒன்று பியானோ வாசித்தது. யாரோ கல்யாணத்தில் ஆடினார்கள். அந்தப் பெண் வரவில்லை. பார்த்த ஒவ்வொன்றையும் சொல்லித்தானே ஆகவேண்டும். சேலைக்கு மறுபடியும் கூவினான், பூனைக்கு வாசித்தான். பையனைத் தேடிக்கொண்டே நாதஸ்வரம் ஊதினான்.

அதற்குமேல் கோதண்டம் சிரிக்கவில்லை. ஒவ்வொன்றும் முடிந்ததும் ஒரே ஒரு கேள்வி கேட்டார். அந்தப் பைக்குக்காரருக்கு அடிபட்டுச்சா. கத்திரிக்காய் என்ன ஆச்சு. செய்தியில வந்த அந்த அணை உடைஞ்சுதா நின்னுச்சா. எல்லாருடைய குரலும் பரந்தாமனிடம் இருந்தது, யாருக்கும் என்ன ஆயிற்று என்று தெரியவில்லை.

இன்னொன்றும் புரிந்தது. சொல்லி முடித்தால்தான் அடுத்தது என்றால், விரல் காத்திருக்கவேண்டியிருந்தது. விரலால் அது முடியவில்லை. வாய் பாதி வாக்கியத்தில் இருக்கும்போதே போன் கண்ணாடிமேல் துடித்தது, பிடித்துப்போட்ட மீன் மாதிரி. இடது கையால் அதைப் பிடித்துக்கொண்டான்.

உச்சி வெயிலுக்கு முன்பே தொண்டை கம்மத் தொடங்கியது. முதலில் மந்திரி போனார். பிறகு பெண் குரல்கள் எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாகப் போயின. கடைசியில் ஒரு கிரிக்கெட் வர்ணனையின் நடுவில், பந்து மேலே போயிருந்தபோது, குரல் நின்றுவிட்டது. வாய் அசைந்தது. காற்றுதான் வந்தது.

"கேட்ச் புடிச்சாங்களா அண்ணே?" என்று மெதுவாகக் கேட்டார் கோதண்டம்.

பரந்தாமன் தலையை ஆட்டினான். ஆமாம் என்றா, இல்லை என்றா, அவனுக்கே தெரியாது. வழக்கமாகப் பார்க்கிற நேரத்தில் பாதிகூட ஆகியிருக்கவில்லை.

அவன் திரும்பினான். மூடுபனி விலகியிருந்தது. அடியாழத்தில் ஊர்கள், ஏரிகள், நூல் மாதிரி ரோடு, எல்லாம் சத்தமே இல்லாமல் இருந்தன. இத்தனை நாள் இந்தப் பாறைமேல் உட்கார்ந்தும், கீழே ஏரி இருப்பது அவனுக்குத் தெரியாது.

குடிலில் அம்மை வெந்நீரில் உப்புப் போட்டுக் கொடுத்தார். கொப்பளித்தான்.

"தொண்டை போச்சு அம்மை," என்றான். கிணற்றுக்குள்ளிருந்து வருகிற மாதிரி இருந்தது.

"எப்பவும் இதெல்லாம் எது வழியா உள்ள போகும்?"

"கண்ணு வழியாத்தான்."

"பாவம்," என்றார் அம்மை. "கண்ணுக்குத் தொண்டை கட்டாது."

நாய் வந்து பரந்தாமனின் காலடியில் படுத்தது.

"இன்னும் ஒரு குரல் பாக்கி இருக்கு," என்றார் அம்மை. "உங்க பொண்ணோடது. ஒரு சொல் போதும். அப்பான்னு கூப்பிடட்டும்."

இது பெரிய வித்தையா என்றுதான் பரந்தாமன் நினைத்தான். தொண்டை எவ்வளவு கம்மினாலும் குழந்தைக் குரல் மூக்கிலும் மேலண்ணத்திலும்தான் இருக்கிறது, அவனுக்குத் தெரியாதா. உதட்டைக் குவித்து, மெல்ல, "அப்பா," என்றான்.

"அடடா," என்றார் கோதண்டம். "குழந்தையேதான் அண்ணே. கன்னத்தைக் கிள்ளலாம் போல இருக்கு."

பரந்தாமன் அவரைப் பார்க்கவில்லை. அவன் காது பொய் சொல்லாத காது. அதுதான் அவனுக்குச் சோறு போட்டது.

"இது அவ இல்ல," என்றான். "இது பிஸ்கட் விளம்பரத்துல வர்ற புள்ள."

மறுபடியும் சொன்னான். இந்த முறை தானே பாதியில் நிறுத்திக்கொண்டான். "பாட்டுப் போட்டியில தோத்துட்டு அழுதானே, அந்தப் பையன்."

இன்னொரு முறை. அது ஏதோ ஒரு கார்ட்டூன் அணில்.

கண்ணை மூடிக்கொண்டான். நறுமுகை எப்படிக் கூப்பிடுவாள்? முதல் எழுத்தை இழுப்பாளா, கடைசி எழுத்தையா? தூரத்தில் இருந்தே கூப்பிட்டுக்கொண்டு வருவாளா, பக்கத்தில் வந்து நின்றுகொண்டு கூப்பிடுவாளா? குரல் எங்கே உடையும்? அவளுக்கு முன்பல் விழுந்துவிட்டதா? விழுந்திருந்தால் காற்று ஒரு பக்கமாகப் போகுமே. விழுந்ததா?

உள்ளே தேடினான். ஓர் ஊரே குடியிருந்த தொண்டை. மந்திரி எழுந்து வழிவிட்டார், மீன்காரம்மா ஒதுங்கினார், கழுதை நகர்ந்தது. அத்தனை பேரையும் விலக்கிக்கொண்டு பின்னால் போய்ப் பார்த்தான். அங்கே யாரும் இல்லை.

வாயைத் திறந்தபடியே உட்கார்ந்திருந்தான். கோதண்டம் எழுந்து, சத்தம் வராமல், சமையல்கட்டுப் பக்கம் போய் நின்றுகொண்டார்.

"அன்னைக்கு அரிசி மூட்டைமேல உட்கார்ந்து," என்றார் அம்மை, "அவ என்கிட்ட ஒண்ணு சொன்னா."

பரந்தாமன் நிமிர்ந்தான்.

அம்மை தன் குரலில்தான் சொன்னார். இழுக்கவில்லை, கொஞ்சவில்லை. டயர் கடைக்காரருக்குச் சொன்ன அதே சாதாரணக் குரல்.

"'ஒரு பல்லி இருந்துச்சா. அதுக்கு வாலு போயிருச்சு. எங்க போச்சுன்னா... எங்க போச்சுன்னா...' இந்த இடத்துல கீழ்ப்பல்லை நாக்கால தள்ளிப் பார்த்தா. அது ஆடுது. இன்னும் விழலை. 'பீரோவுக்குப் பின்னாடி. பல்லி போயி, வாலே வாலே வான்னு கூப்புட்டுச்சு. வாலு வர மாட்டேன்னுச்சு. நான் எவ்ளோ நேரம் துள்ளுனேன், நீ பாக்கவே இல்லைல்ல, அப்படின்னுச்சு.' இங்க உங்களைத் திரும்பிப் பார்த்தா. நீங்க போனைத் தூக்கிக்கிட்டுச் சுத்திக்கிட்டு இருந்தீங்க. சிரிச்சா. 'எங்கப்பா டவர் புடிக்கிறாங்க' அப்படின்னா. 'அப்ப பல்லி என்ன பண்ணுச்சுன்னா...'"

அம்மை நிறுத்திக்கொண்டார்.

பரந்தாமன் முன்னால் சாய்ந்தான். எதிரில் இருந்தது முப்பத்தைந்து வயதுப் பெண்தான். ஆனால் பாய்க்கு அந்தப் பக்கம், ஆடுகிற பல்லோடு, காலை ஆட்டிக்கொண்டு, மூட்டைமேல் அவன் மகள் உட்கார்ந்திருந்தாள். கையை நீட்டினால் அந்தக் கால் படும். தான் பெற்ற பிள்ளையை அவன் அப்போதுதான் முதலில் பார்க்கிறவன் மாதிரி பார்த்தான். பல்லியின் வால் துள்ளுவது அவனுக்குக் கேட்டது. பீரோவின் இருட்டு தெரிந்தது.

கட்டைவிரல் அசையவில்லை. அவன் அதைக் கவனிக்கவும் இல்லை.

வாழைத்தோப்பில் காற்று வந்து போயிற்று.

"அப்புறம்?" என்றான் பரந்தாமன். தொண்டை கிழிந்து வந்தது அது. "அப்புறம் பல்லி என்ன பண்ணுச்சு?"

அம்மை அவனைப் பார்த்தார்.

"'அப்புறம்? அப்புறம் பல்லி என்ன பண்ணுச்சு?'" என்று திருப்பிச் சொன்னார். "இதுதானா?"

பரந்தாமன் காலை மடக்கி நேராக உட்கார்ந்தான்.

"இதுதான் அம்மை."

"அதுக்குள்ள பஸ்காரன் ஹாரன் அடிச்சுட்டான். மீதி எனக்குத் தெரியாது."

பரந்தாமன் எழுந்தான். பையை எடுத்தான். போனைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான், குடை எடுக்கிற மாதிரி, யோசனை இல்லாமல். கோதண்டம் மீதிப் பலாக்கொட்டையைப் பொட்டலமாகக் கட்டி அவன் கையில் திணித்தார். "பாப்பாவுக்கு," என்றார். பரந்தாமன் அவருடைய முழங்கையைத் தொட்டு, புருவத்தைத் தூக்கினான். "பரவாயில்லண்ணே, வீக்கம் வத்திருச்சு," என்றார் கோதண்டம்.

நாய் முன்னால் கிளம்பியது. வாழைத்தோப்பின் விளிம்புவரை போனவன் நின்றான். கழுத்தைத் தடவிக்கொண்டான். ஏதோ சொல்லிப் பார்த்தான், காற்றுதான் வந்தது. முகம் மாறி, வேகமாகத் திரும்பி வந்தான்.

"அம்மை," என்றான். பக்கத்தில் குனிந்தால்தான் கேட்டது. "குரல் சுத்தமாப் போயிருச்சே. இப்ப போயி அவ முன்னாடி உட்கார்ந்து, அவ சொல்லவே ஆரம்பிச்சாலும், என்னால ஒரு ம் கூடக் கொட்ட முடியாதே."

"அந்த ம்மைக் கேட்டுத்தானே," என்றார் அம்மை, "அவ நிறுத்தினா."